வில்லியம் ஸ்டர்ஜன்: மின்காந்தத்தை உருவாக்கியவரும் அறிவியல் வரலாற்றில் அவருக்கான இடமும்

ஆய்வுச்சுருக்கம்

மின்னோட்டத்தால் இயங்கும் மணி, தந்தி, மின்னோடி, மின்னியற்றி ஆகிய அனைத்திற்கும் அடிப்படையான உறுப்பு மின்காந்தமாகும். தேனிரும்பு உள்ளகத்தைக் கொண்ட முதல் மின்காந்தத்தை 1825-இல் வெளியுலகிற்குக் காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்டர்ஜன் (1783–1850). செருப்புத் தைப்பவராகவும் பீரங்கிப் படை வீரராகவும் வாழ்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கல்லூரியில் விரிவுரையாளராக உயர்ந்த இவர், வறுமையில் மறைந்தார். இவர் பெயர் மங்கியதற்கு ஏழ்மையும் கல்வியின்மையுமே காரணம் என்னும் வழக்கமான விளக்கம் போதுமானதன்று. விதிகளைக் கண்டவர்களை முதன்மைப்படுத்திக் கருவிகளைச் செய்தவர்களைப் பின்னுக்குத் தள்ளும் வரலாற்றெழுத்து முறையும், நிலையான நிறுவனச் சார்பு இல்லாமையுமே வலுவான காரணங்கள் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: வில்லியம் ஸ்டர்ஜன், மின்காந்தம், திசைமாற்றி, அடிஸ்கம்ப், ஃபாரடே, ஜூல், அறிவியல் வரலாற்றெழுத்தியல்.

முன்னுரை

மின்காந்தவியலின் வரலாறு பொதுவாக ஒரு பெயர் வரிசையாகச் சொல்லப்படுகிறது. 1820-இல் ஓர்ஸ்டெட் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டார். ஆம்பியர் அதற்குக் கணித வடிவம் தந்தார். 1831-இல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். மேக்ஸ்வெல் அனைத்தையும் ஒரே கோட்பாட்டில் இணைத்தார். இவ்வரிசையில் குறை ஒன்றும் இல்லை. ஆயினும் 1820-க்கும் 1831-க்கும் இடையே ஒரு பொருள் பிறந்தது. அப்பொருள் விதியன்று, சமன்பாடும் அன்று. கம்பி சுற்றிய வளைந்த இரும்புத்துண்டு. அதனைச் செய்தவரின் பெயர் இவ்வரிசையில் இடம்பெறுவது அரிது.

ஆம்பியர், ஃபாரடே, ஹென்றி, ஜூல் ஆகியோரின் பெயர்கள் பன்னாட்டு அலகு முறையில் நிலைத்துள்ளன. இவர்களுள் ஹென்றி, ஸ்டர்ஜனின் மின்காந்தத்தை மேம்படுத்தியவர். ஜூலின் முதல் ஆய்வுரையை அச்சிட்டவரே ஸ்டர்ஜன்தான். அவருடைய பெயரில் மட்டும் அம்முறையில் அலகு ஏதுமில்லை. இந்த இடைவெளி எவ்வாறு உண்டாயிற்று என்பதே இக்கட்டுரையின் வினா.

1. பட்டறையும் பாசறையும்

ஸ்டர்ஜன் 1783-இல் லங்காஷயர் மாவட்டத்தின் வடபகுதியிலுள்ள விட்டிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் செருப்புத் தைப்பவர். மகனும் அத்தொழிலுக்கே பயிற்சியாளாக அனுப்பப்பட்டார். தொழில் கற்பித்தவரிடம் கடுமையான நடத்தைக்கு உள்ளாகி, 1802-இல் உள்ளூர்க் காவற்படையிலும் 1804-இல் அரச பீரங்கிப் படையிலும் சேர்ந்தார்.

அவருடைய கல்வி படையில்தான் தொடங்கியது. நியூஃபவுண்ட்லாந்தில் பணியிலிருந்தபோது கண்ட பெரும் இடிமழையொன்று, மின்னலைப் பற்றி அறியும் வேட்கையை அவருக்கு ஊட்டியதாக அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. எழுத்துப் பயிற்சியே குறைவாக இருந்த அவர், பணிநேரம் போக எஞ்சிய பொழுதில் கணிதத்தையும் இயற்கை அறிவியலையும் தாமே கற்றார். இலத்தீன், கிரேக்க மொழிகளிலும் பயிற்சி பெற்றார். அதிகாரிகளின் காலணிகளைச் செப்பனிட்டுக் கொடுத்ததும் நூல்களை அணுக அவருக்கு ஒரு வழியாயிற்று.

1820-இல் படையிலிருந்து விலகியபின் லண்டனுக்கு அருகிலுள்ள வுல்விச்சில் செருப்புக்கடை வைத்தார். இவ்வூர்த் தேர்வு அவரது வாழ்வின் திருப்புமுனை எனலாம். படைக்கலச் சாலையும் அரச இராணுவக் கழகமும் அங்கேயே இருந்தன. கணித அறிஞர் பீட்டர் பார்லோ, சாமுவேல் கிறிஸ்டி, ஒலிந்தஸ் கிரெகரி, வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் ஆகியோர் அவ்வூர் அறிவியல் வட்டத்தினர். இவர்களின் பழக்கம் ஸ்டர்ஜனுக்கு வாய்த்தது. 1824-இல் மின்காந்தவியல் குறித்த அவரது கட்டுரைகள் 'ஃபிலசாஃபிகல் மேகசின்' இதழில் வெளிவந்தன. அதே ஆண்டில் அடிஸ்கம்ப் படைக்கல்லூரியில் அறிவியல் விரிவுரையாளர் பணியும் கிடைத்தது.

2. 1825: மேசைமீது வைக்கத்தக்க காந்தம்

1825-இல் லண்டன் கலைக் கழகத்தின்முன் ஸ்டர்ஜன் தமது 'மேம்படுத்தப்பட்ட மின்காந்தக் கருவித்தொகுதியை' வைத்தார். கழகம் பெரிய வெள்ளிப் பதக்கமும் 30 கினி பரிசும் வழங்கியது. அத்தொகுதியின் ஓர் உறுப்பே மின்காந்தம்.

அதன் அமைப்பு எளியது. ஏறக்குறைய ஓரடி நீளமுள்ள தேனிரும்புக் கம்பி குதிரைலாட வடிவில் வளைக்கப்பட்டு, அதன்மீது வார்னிஷ் பூசப்பட்டது. பூச்சின்மேல் காப்பிடாத செப்புக்கம்பி 18 சுற்றுகளாக, ஒன்றையொன்று தொடாதவாறு இடைவெளிவிட்டுச் சுற்றப்பட்டது. கம்பியின் முனைகள் பாதரசக் கிண்ணங்கள் வழியே ஒற்றை மின்கலத்துடன் இணைந்தன. 7 அவுன்சு எடையுள்ள இவ்விரும்பு 9 பவுண்டு எடையைத் தூக்கியது. அதாவது தன் எடையைப் போல ஏறத்தாழ 20 மடங்கு. கம்பி முனையைப் பாதரசத்திலிருந்து உயர்த்தியதும் எடை உடனே கீழே விழுந்தது.

இங்குப் புதியது எது, பழையது எது என்பதைப் பிரித்தறிய வேண்டும். கம்பிச்சுருளுக்குள் எஃகு ஊசியை வைத்து மின்னோட்டத்தால் காந்தமாக்கலாம் என்பதை அரகோவும் ஆம்பியரும் 1820-இலேயே காட்டியிருந்தனர். எஃகு ஒருமுறை காந்தமானால் மின்னோட்டம் நின்ற பின்னும் காந்தமாகவே இருக்கும். தேனிரும்போ மின்னோட்டம் பாயும்வரை மட்டுமே வலிமையான காந்தமாக இருந்து, அது நின்றதும் காந்தத்தன்மையைப் பெரும்பாலும் இழந்துவிடும். எஃகை விடுத்துத் தேனிரும்பைத் தேர்ந்ததும், இரு முனைகளும் ஒரே பொருளை ஈர்க்குமாறு அதை வளைத்ததும், கம்பிக்கும் இரும்புக்கும் இடையே காப்புப் பூச்சிட்டதும் ஸ்டர்ஜனின் பங்களிப்பாகும். இம்மூன்றும் சேர்ந்தபோது, விரும்பியபோது உண்டாக்கி விரும்பியபோது நீக்கத்தக்க வலிமையான காந்தம் மனிதனுக்கு முதன்முறையாகக் கிடைத்தது. தொலைவிலுள்ள ஒருவர் மின்சுற்றை மூடியும் திறந்தும் இன்னோரிடத்தில் ஒரு பொருளை அசைக்கலாம் என்னும் தந்தியின் அடிப்படை இதற்குள்ளேயே அடங்கியுள்ளது.

இக்கருவி எந்தத் தேவையிலிருந்து பிறந்தது என்பதும் கருதத்தக்கது. அக்காலத்தில் மின்காந்த விளைவுகளை அவையினர்க்குக் காட்டப் பெரிய மின்கல அடுக்குகள் வேண்டியிருந்தன. அவை விலை மிக்கவை; விரைவில் வலிமை குன்றுபவை. காந்தத்தின் வலிமையைப் பெருக்கினால் சிறிய மின்கலமே போதும், கடைசி வரிசையில் இருப்பவரும் விளைவைக் காண இயலும் என்பது ஸ்டர்ஜனின் கணிப்பு. ஊதியம் குறைந்த ஓர் ஆசிரியரின் சிக்கன உணர்வும், கண்முன் காட்டிக் கற்பிக்க வேண்டும் என்னும் கடப்பாடும் இக்கண்டுபிடிப்பின் ஊற்றுக்கண்கள் ஆயின.

அமைப்பிலிருந்த குறையும் வெளிப்படையானது. காப்பு இரும்பின்மீது இருந்ததேயன்றிக் கம்பியின்மீது இல்லை. எனவே சுற்றுகள் ஒன்றையொன்று தொடலாகாது. ஓரடுக்குக்குமேல் சுற்றவும் இயலாது. 1828-இல் லண்டனில் இக்கருவியைக் கண்ட உட்ரெக்ட் பேராசிரியர் கெரிட் மோல், நாடு திரும்பிப் பெரிய மின்காந்தங்களைச் செய்து அச்செய்தியை ஐரோப்பாவில் பரப்பினார். அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி கம்பிக்கே காப்புறையிட்டுப் பல அடுக்குகளாகச் சுற்றினார். 1831-இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த காந்தம் 2,000 பவுண்டுக்கும் மிகுந்த எடையைத் தாங்கியது. ஆறே ஆண்டுகளில் ஏற்பட்ட இவ்வளர்ச்சி ஹென்றியின் திறமைக்குச் சான்று. கருவியின் அடிப்படை வடிவம் எங்கிருந்து தொடங்கியது என்பதற்கும் அதுவே சான்று.

3. பிற ஆக்கங்கள்

ஸ்டர்ஜனின் பணி மின்காந்தத்தோடு நின்றுவிடவில்லை. 1830-இல் மின்கலத்தின் துத்தநாகத் தகடுகளுக்குப் பாதரசம் பூசிப் பயன்படுத்தும் முறையை அவர் முன்வைத்தார். தூய்மையற்ற துத்தநாகம், மின்சுற்று திறந்திருக்கும்போதும் அமிலத்தில் கரைந்து வீணாகும். பாதரசப் பூச்சு இவ்விழப்பைக் குறைத்தது. நெடுநேரம் சீராக இயங்கும் மின்கலங்கள் உருவாக இச்சிறு மாற்றம் உதவியது.

1832-இல் அவர் செய்த சுழலும் மின்பொறி அடுத்த முக்கிய ஆக்கமாகும். மின்காந்தம் ஒன்றைச் சுழலவிட்டால், எதிர்முனைகள் நேருக்கு நேர் வந்ததும் அது நின்றுவிடும். தொடர்ந்து சுழல வேண்டுமாயின் அரைச்சுற்றுக்கு ஒருமுறை மின்னோட்டத்தின் திசை மாற வேண்டும். சுழலும் அச்சிலேயே பொருத்தப்பட்ட திசைமாற்றியால் ஸ்டர்ஜன் இதனை நிறைவேற்றினார். 1833-இல் லண்டனில் அப்பொறியைக் காட்சிப்படுத்தினார். திசைமாற்றியின் முன்னுரிமையை அவர் ஒருவருக்கே உரியதாக்குவது பொருந்தாது. 1832-இல் பாரிசில் பிக்சி செய்த மின்னியற்றியிலும் ஆம்பியரின் ஆலோசனைப்படி திசைமாற்றி சேர்க்கப்பட்டது. எனினும் மின்னோட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் பொறியில் அதனைப் பயன்கொண்ட முன்னோடிகளுள் ஸ்டர்ஜன் ஒருவர் என்பதில் ஐயமில்லை. 1836-இல் தொங்கவிடப்பட்ட சுருளைக் கொண்ட கால்வனாமீட்டரையும் அவர் விவரித்தார். பிற்கால இயங்குசுருள் கால்வனாமீட்டருக்கு இது முன்வடிவம்.

4. அடிஸ்கம்ப்: இந்தியத் தொடர்பு

ஸ்டர்ஜன் பணியாற்றிய அடிஸ்கம்ப் படைக்கல்லூரி கிராய்டனுக்கு அருகில் இருந்தது. 1809-இல் கிழக்கிந்தியக் கம்பெனியால் தொடங்கப்பட்டு 1861-இல் மூடப்பட்டது. வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களின் பீரங்கிப் படைக்கும் பொறியியல் படைக்கும் அதிகாரிகளை உருவாக்குவதே அதன் நோக்கம். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன் இக்கல்லூரியின் மாணவரே. எனினும் ஸ்டர்ஜன் பணியில் சேர்வதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அவர் படிப்பை முடித்துச் சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்துவிட்டார். எனவே தமிழகத்து அணைக்கும் ஸ்டர்ஜனின் வகுப்பறைக்கும் நேர்த்தொடர்பு கற்பிக்க இயலாது.

இத்தொடர்பின் முக்கியத்துவம் வேறோரிடத்தில் உள்ளது. ஆக்ஸ்ஃபோர்டோ கேம்பிரிட்ஜோ செருப்புத் தொழிலாளி ஒருவரைக் கற்பிக்க அமர்த்தும் என எண்ண இடமில்லாத காலம் அது. இந்தியாவுக்குப் பொறியாளர்களை அனுப்ப வேண்டிய வணிகக் குழுவுக்கோ, செய்துகாட்டிக் கற்பிக்கும் ஒருவர் தேவைப்பட்டார். அக்குழுவின் வருவாய் பெருமளவு இந்திய நிலவரியிலிருந்து வந்தது. ஆகவே, ஆங்கிலேய மின்னியலின் தொடக்கக்கால வாழ்வாதாரங்களுள் ஒன்று குடியேற்ற நாட்டு வருவாயால் இயன்றது என்பதை அறிவியல் வரலாறு கருத்திற்கொள்ள வேண்டும்.

5. இதழாசிரியராக ஸ்டர்ஜன்

1830-களின் நடுப்பகுதியில் ஸ்டர்ஜன் அனுப்பிய ஆய்வுரை ஒன்று ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் அச்சேறவில்லை. 1836 அக்டோபரில் அவர் 'அன்னல்ஸ் ஆஃப் எலெக்ட்ரிசிட்டி' என்னும் இதழைத் தாமே தொடங்கினார். மின்னியலை முதன்மைப் பொருளாகக் கொண்டு ஆங்கிலத்தில் வெளிவந்த முதல் இதழ்களுள் இஃது ஒன்று. 1843 வரை நடைபெற்றது. பெரிய கழகங்களின் வாயில் திறவாத கருவிசெய்வோர், விரிவுரையாளர், தன்முயற்சியாளர் ஆகியோரின் எழுத்துக்கு இவ்விதழ் இடமளித்தது.

1838-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவர் மின்காந்தப் பொறியொன்றை விவரித்து எழுதிய கட்டுரை இதில் வெளிவந்தது. அவரே ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். இது அவரது முதல் ஆய்வெழுத்து. மின்பொறியின் வேலைத்திறனை அளக்கத் தொடங்கிய ஜூல், அவ்வழியே வெப்பத்திற்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை நோக்கி நகர்ந்தார். காந்தமாகும்போது இரும்பின் நீளம் மாறுவதை அவர் கண்டறிந்த செய்தியும் 1842-இல் இவ்விதழிலேயே வெளிவந்தது. ஆற்றல் அழியாமை விதியின் முன்வரலாற்றில் ஸ்டர்ஜனின் இதழுக்கு ஓரிடம் உண்டு என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

1840-இல் மான்செஸ்டரின் ராயல் விக்டோரியா கேலரி என்னும் செயல்முறை அறிவியல் காட்சிக்கூடத்தின் கண்காணிப்பாளராக ஸ்டர்ஜன் அழைக்கப்பட்டார். ஜூல் அங்கு உரையாற்றினார். ஆனால் போதிய வருவாய் இன்மையால் 1842-இல் அக்கூடம் மூடப்பட்டது. அதன்பின் ஊர்தோறும் சொற்பொழிவாற்றியே அவர் வாழ நேர்ந்தது. 1847-இல் அரசு 200 பவுண்டு நன்கொடையும், 1849-இல் ஆண்டுக்கு 50 பவுண்டு ஓய்வூதியமும் வழங்கின. 1850 டிசம்பரில் மான்செஸ்டரை அடுத்த பிரெஸ்ட்விச்சில் அவர் காலமானார். அவரது எழுத்துகளின் தொகுப்பு அவ்வாண்டில்தான் பெரி நகரில் அச்சாகியிருந்தது.

6. மறைவுக்கான காரணங்கள்

ஏழைக் குடும்பத்தில் பிறந்தமையால் ஸ்டர்ஜன் மறக்கப்பட்டார் என்பது எளிய விளக்கம். ஃபாரடேயின் வாழ்க்கை இவ்விளக்கத்திற்குத் தடையாக நிற்கிறது. அவர் கொல்லர் ஒருவரின் மகன். நூற்கட்டுநரிடம் தொழில் பயின்றவர். முறையான கல்வி இல்லாதவர். அவருக்கு 1835-இல் ஆண்டுக்கு 300 பவுண்டு ஓய்வூதியம் வழங்கப்பட்டது. ஸ்டர்ஜன் பெற்றதைப் போல ஆறு மடங்கு. பிறப்பு ஒத்திருந்தும் வாழ்வு வேறுபட்டதற்குக் காரணம், 1813 முதல் ராயல் நிறுவனம் ஃபாரடேக்கு அளித்த ஆய்வகமும் அரங்கும் மதிப்புமே. ஸ்டர்ஜனோ கல்லூரி, காட்சிக்கூடம், இதழ், சொற்பொழிவு மேடை என இடம் மாறிக்கொண்டே இருந்தார். ஆய்வை எடுத்துச்செல்லும் நிறுவனம் அவருக்குப் பின் இல்லை.

இரண்டாவது காரணம் அறிவைப் பற்றிய கருத்தைச் சார்ந்தது. 1998-இல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்ஸ் சில்ட்ரன்' என்னும் நூலில் இவான் ரைஸ் மோரஸ், அக்கால லண்டனில் மின்னியல் இருவேறு பண்பாடுகளாக வளர்ந்ததை விளக்குகிறார். ஃபாரடேயின் அரங்கில் கருவி பின்னே மறைந்து இயற்கையின் விதி முன்னே தோன்றியது. ஸ்டர்ஜன் போன்றோர்க்குக் கருவியே அறிவின் உறைவிடம். கருவியைச் செய்வதும் இயக்குவதும் இயற்கையை அறிவதன் ஒரு வடிவமே என அவர்கள் கருதினர். பிற்கால வரலாற்றெழுத்து முதற்பண்பாட்டை அறிவியலாகவும் இரண்டாவதைக் காட்சித்தொழிலாகவும் பிரித்தது. ஃபாரடே 1831-இல் தூண்டலைக் கண்டறிந்த கருவியும் இரும்பு வளையத்தின்மீது காப்பிட்ட சுருள்கள் சுற்றப்பட்ட ஒன்றே என்பதை நினைவிற்கொண்டால், இப்பிரிவினை எவ்வளவு நொய்தானது என்பது விளங்கும்.

மூன்றாவதாக, ஸ்டர்ஜனின் சொந்தப் பிழைகளையும் மறைத்தற்கில்லை. கப்பல்களுக்கு வில்லியம் ஸ்நோ ஹாரிஸ் வகுத்த இடிதாங்கி முறையை 1839-இல் அவர் கடுமையாக எதிர்த்தார். கப்பலின் உடலோடு ஒட்டிச் செல்லும் கடத்தியிலிருந்து மின்னல் பக்கவாட்டில் பாய்ந்து கேடு விளைவிக்கும் என்பது அவர் வாதம். ஃபாரடே ஹாரிசின் பக்கம் நின்றார்; கடற்படையும் ஹாரிசின் முறையையே ஏற்றது. இவ்விவாதத்தில் ஸ்டர்ஜன் தோற்றதோடு, அறிவியல் தலைமையோடு பகைமையும் வளர்ந்தது. அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினராக ஒருபோதும் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

நான்காவது காரணம் பொருளின் இயல்பிலேயே உள்ளது. விதி நூலில் நிலைக்கும். கருவி தேய்ந்து மறையும். 1890-இல் கலைக் கழகத்தில் மின்காந்தம் பற்றித் தொடர் சொற்பொழிவு நிகழ்த்திய சில்வானஸ் தாம்சன், 65 ஆண்டுகளுக்கு முன் அதே கழகத்தில் ஒப்படைக்கப்பட்ட ஸ்டர்ஜனின் மூலக்கருவியைத் தேடினார். கழகத்தின் காட்சிப்பொருள்கள் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்திற்கு மாற்றப்பட்டதாகக் கருதப்பட்டது. அங்குத் தேடியும் அக்கருவி கிடைக்கவில்லை. இன்று எஞ்சியிருப்பவை கழகத்தின் வெளியீட்டில் அச்சான விளக்கமும் படங்களுமே.

இவ்விடத்தில் ஜூலின் செயல் தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஸ்டர்ஜன் மறைந்து ஏழாண்டுகளுக்குள், மான்செஸ்டர் இலக்கிய மெய்யியல் கழகத்தின் வெளியீட்டில் அவரது வாழ்வையும் எழுத்தையும் பற்றிய குறிப்பை ஜூல் எழுதினார். பிற்கால வரலாறுகள் பலவும் இக்குறிப்பையே அடியொற்றியுள்ளன. தம் முதல் கட்டுரைக்கு இடமளித்த இதழாசிரியருக்கு ஜூல் செய்த கைம்மாறாகவும் இதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

ஸ்டர்ஜன் மின்காந்தவியலின் விதி எதனையும் கண்டறிந்தவர் அல்லர். பிறர் கண்ட விளைவை, எவரும் செய்துபார்க்கத்தக்க, இயக்கவும் நிறுத்தவும் தக்க பொருளாக மாற்றியவர் அவர். மோலும் ஹென்றியும் ஜூலும் அப்பொருளை எடுத்துக்கொண்டு மேற்சென்றனர். அவரது பெயர் மங்கியதற்கு வறுமை ஒரு காரணம். ஆனால் நிறுவனச் சார்பின்மையும், கருவியறிவை இரண்டாந்தரமாகக் கருதும் நோக்கும், அவரே தேடிக்கொண்ட பகைமைகளும், மூலக்கருவியின் இழப்பும் அதனோடு சேர்ந்தே செயற்பட்டன.

இம்முடிவு ஒருவரின் வாழ்க்கைக்கு அப்பாலும் பொருந்துவது. தமிழில் எழுதப்படும் அறிவியல் வரலாறுகளும் பெரும்பாலும் விதிகளின் வரிசையையே பின்பற்றுகின்றன. கொல்லரும் தச்சரும் கன்னாரும் கருவிசெய்வோரும் பெற்றிருந்த அறிவை வரலாற்றுக்குள் கொண்டுவர விரும்பும் ஆய்வாளர், 'இதனைக் கண்டறிந்தவர் யார்' என்னும் வினாவோடு 'இதனைச் செய்தவர் யார், எந்தத் தேவைக்காகச் செய்தார், செய்த பொருள் இப்போது எங்கே உள்ளது' என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். வார்னிஷ் பூசிய இரும்பின்மேல் சுற்றப்பட்ட 18 சுற்றுக் கம்பி அத்தகைய வினாக்களுக்கு உரிய பொருள்களுள் ஒன்றாகும்.